ஒரே அலுவலகத்தில் இரு தரப்பு வழக்குக் கட்டுகள்: பாகப்பிரிவினைக்காக நாங்கள் நாடிய வழக்கறிஞர் அலுவலகம்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பெரிய வீட்டுப் பாகப்பிரிவினை என்றதும் பலரும் கைகாட்டுகிற வழக்கறிஞர் அலுவலகங்களில் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலில் நாங்கள் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரையோ, அது இருக்கும் தெருவையோ, வழக்கறிஞர்களின் பெயர்களையோ இங்கே எழுதவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். இரண்டும் பத்திர வேலைக்கு. மீதி மூன்றும் போனதற்குக் காரணம் வேலையில் இருந்த குறை அன்று. எங்களுக்கு எதிரே நின்றவருக்கும் அதே அலுவலகம் வேலை பார்த்ததும், அதை எங்களிடம் சொல்லாமல் இருந்ததுமே காரணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். எங்கள் வீடு முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லை வாசலுமாக நீளும் பழைய வீடு. கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன இடத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் தங்கிவிட்டவர்கள், வாரிசு இல்லாமல் பிள்ளை கூட்டிக்கொண்டவர்கள், கூட்டிய பிள்ளைக்குப் பிறந்த வீட்டிலும் பங்கு உண்டா என்ற பழைய மனத்தாங்கல் என்று அதன் உரிமை வரலாறு சிக்கலானது. அந்த அலுவலகத்தின் மூத்த குமாஸ்தா ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு வண்ணப் பென்சில் வைத்துக்கொண்டு, மூலப்பத்திரத்தில் மங்கிப்போயிருந்த மை எழுத்துகளை லென்ஸால் படித்துப் படித்து வம்சக்கொடி வரைந்தார். எந்த அறை எந்தப் புள்ளிக்கு, வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) யாருக்கு எந்தப் பத்தி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும் கிணறு பொதுவா தனியா என்பதையெல்லாம் அவர் குறித்து வைத்த ஒழுங்கு, எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லாதது. வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டியதிலும் தாமதம் இல்லை. கட்டணமும் வட்டாரத்து வழக்கத்தை ஒட்டியே இருந்தது; வாங்கிய பணத்துக்கெல்லாம் ரசீதும் தந்தார்கள்.

அந்த வில்லங்கச் சான்றில்தான் விஷயம் தொடங்குகிறது. மலேசியாவில் இருக்கும் பங்காளி ஒருவர் தம் பிரிபடாத பங்கை, பழைய வீடுகளை வாங்கி விடுதியாக மாற்றும் ஒரு நிறுவனத்துக்குக் கிரயம் செய்திருப்பது அதில் பதிவாகியிருந்தது. இதை எங்களுக்கு எடுத்துக் காட்டியதே அந்த அலுவலகம்தான். “யாரோ வெளியாள் ஒருத்தர் உள்ளே வந்துட்டாங்க போலிருக்கு, ஜாக்கிரதையா இருக்கணும்” என்று மூத்த வழக்கறிஞர் எங்களுக்குப் புதிய செய்தியாகச் சொன்னார். நாங்களும் பதறிப்போய், எவ்வளவு விலை வந்தால் விற்பதற்கு யார் யார் சம்மதிப்பார்கள், எங்களிடம் வாங்குவதற்குப் பணம் இருக்கிறதா, எந்தப் புள்ளி கடனில் இருக்கிறது என்பதையெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து பேசினோம். வக்கீலிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து பாகம் பிரித்துக் கொடுக்கும்படி நோட்டீஸ் வந்தது. பதில் தயாரிப்பதற்காகக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்களே மனுப்போட்டு வாங்கினோம். வில்லங்கச் சான்றில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம் ஆகியவை இருக்குமே தவிரப் பத்திரத்தைத் தயாரித்தவர் யார் என்பது இருக்காது. நகலின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது: சாட்சிகளின் கையெழுத்துகளுக்குக் கீழே, எங்கள் அலுவலகத்தின் இளைய பங்குதாரருடைய பெயர், பதிவு எண், முத்திரை. பத்திரத்தின் தேதியோ, எங்கள் கட்டு அந்த அலுவலகத்தின் அலமாரியில் ஏறிய பிறகு வந்த தேதி. அதாவது ஓர் அறையில் எங்களுக்கு வம்சக்கொடி வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அடுத்த அறையில் எங்கள் வீட்டின் ஒரு பங்கு கைமாறுவதற்கான பத்திரம் தயாராகியிருக்கிறது.

இதைக் கேட்பதற்காகப் போனபோது பெரிய ஆச்சியும் உடன் வந்தார்கள். “வக்கீல் தம்பி, நீங்க எங்க ஆளா, அவுக ஆளா?” என்று அவர்கள் கேட்டதற்கு, “ஆச்சி, அது வேற கட்டு, இது வேற கட்டு, அது தம்பி பார்த்த வேலை, இது நான் பாக்குற வேலை” என்று மூத்த வழக்கறிஞர் இளைய பங்குதாரரைச் சுட்டிப் பதில் சொன்னார். கோபமோ கூச்சமோ இல்லாமல், உண்மையிலேயே அதில் தவறில்லை என்று நம்புகிறவரின் குரலில் அவர் சொன்னார் என்பதால்தான் இந்த மதிப்புரையை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் அவ்வளவு சகஜமாகிவிட்டது.

இந்திய பார் கவுன்சிலின் விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. வழக்கறிஞர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய பகுதியில் உள்ள 14-ஆம் விதி, கட்சிக்காரர் தம்மை அமர்த்தும்போதும் பிறகு அந்த உறவு தொடரும் காலம் முழுவதும், வழக்கின் எந்தத் தரப்பினரோடாவது தமக்குத் தொடர்பு இருந்தாலும், விவகாரத்தில் தமக்கு ஏதேனும் நலன் இருந்தாலும், அதை முழுமையாகவும் ஒளிவுமறைவின்றியும் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னால் அவர் வேறு வழக்கறிஞரைத் தேடிப் போய்விடுவார் என்பது சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. அவர் அப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது. 33-ஆம் விதி இன்னும் நேரடியானது: ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ, மனு எழுதிக் கொடுத்தவரோ, அவருக்காகச் செயல்பட்டவரோ, எதிர்த்தரப்புக்காகச் செயல்படவும் வாதாடவும் கூடாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவில் அது தொடர்கிறது.

“தம்பி பார்த்த வேலை” என்ற பதிலுக்கு ஒரு சின்ன இடைவெளி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் விதிகளின் வாசகம் ‘வழக்கறிஞர்’ என்ற தனியாளைப் பற்றியே பேசுகிறது; அலுவலகத்தில் ஒருவருக்கு உள்ள தடை கூட இருப்பவர்களுக்கும் தானாகவே ஒட்டும் என்று 33-ஆம் விதி விரித்துச் சொல்வதில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் 1.10 என்ற விதி அதற்கென்றே இருக்கிறது: சில விலக்குகள் தவிர, நிறுவனத்தில் ஒருவர் எடுக்கக் கூடாத வழக்கை மற்றவர்களும் எடுக்கக் கூடாது. ஆனால் ஒரே பெயர்ப்பலகை, ஒரே குமாஸ்தா, ஒரே அலமாரி, ஒரே வங்கிக் கணக்கு என்று இருக்கும்போது 14-ஆம் விதியின்படி தம் தொடர்பைச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து மூத்தவர் எப்படித் தப்ப முடியும்? கூட்டாண்மைச் சட்டம் 1932-இன் 25-ஆம் பிரிவுப்படி, நிறுவனத்தின் செயலுக்குப் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். லாபத்தில் சேர்ந்து நின்றுவிட்டுக் கேள்வி வரும்போது மட்டும் பிரிந்து நிற்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் மருமகன் ஒரு தீர்ப்பை எடுத்து அனுப்பினார். 2018 ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. ஜே-எம் என்ற குழாய் உற்பத்தி நிறுவனத்துக்காக ஷெப்பர்ட் மல்லின் என்ற பெரிய சட்ட நிறுவனம் வாதாடிக்கொண்டிருந்தது; எதிர்த்தரப்பில் இருந்த பல பொது அமைப்புகளில் ஒன்றான தெற்கு டாஹோ குடிநீர் வாரியத்துக்கும் அதே நிறுவனம் வேறொரு துறையில், தொழிலாளர் விவகாரங்களில், ஆலோசனை சொல்லி வந்தது. ‘பிற கட்சிக்காரர்களோடு முரண் வந்தாலும் சம்மதம்’ என்று பொதுப்படையாக எழுதிய ஓர் ஒப்பந்தத்தில் ஜே-எம் கையெழுத்துப் போட்டுத்தான் இருந்தது. அப்படியிருந்தும், ஏற்கெனவே தெரிந்த முரணைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது என்றும், அந்த ஒப்பந்தம் செல்லாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தப்படியான கட்டணத்தைக் கேட்கும் உரிமை போயிற்று. செய்த வேலையின் மதிப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்பதைக் கீழ் நீதிமன்றம் பார்க்கட்டும் என்று விட்டார்கள். அங்கே இரண்டு கட்சிக்காரர்களின் விவகாரங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எங்கள் விஷயத்திலோ வீடும் ஒன்று, பங்கும் ஒன்று. வேறு நாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும், ‘அது வேற கட்டு’ என்ற பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு அது நல்ல உரைகல்.

எங்களுக்கு இதனால் என்ன கெட்டது? இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். நாங்கள் மேசையில் கொட்டிய விலைக்கணக்கு எதிர்த்தரப்புக்குப் போனது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. போனது என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஓர் ஆலோசனை எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், கூட்டாகக் குடியேறவோ அனுபவிக்கவோ அவருக்கு உரிமை இல்லை என்று சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வரலாம். அப்போது நீதிமன்றம் அதற்கு விலை மதிப்பிட்டு அவருக்கே விற்கும்படி உத்தரவிடும் என்று பாகப்பிரிவினைச் சட்டம் 1893-இன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கென்றே எழுதி வைத்ததைப் போன்ற பிரிவு அது. இந்த வட்டாரத்தில் பாகப்பிரிவினை பார்க்கிற எவருக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் அலுவலகம் தயாரித்த பதில் நோட்டீஸ் வரைவில் அது இல்லை. ‘சுமுகமாகப் பேசி விற்பனைக்கு வழி காண விரும்புகிறோம்’ என்ற வாக்கியம் இருந்தது. யாருடைய விருப்பம் அது? எங்களில் பாதிப் பேர் விற்கவே சம்மதிக்கவில்லை.

அந்தப் ‘பாதிப் பேர்’ என்பதில் இன்னொரு முரணும் இருக்கிறது. இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்துவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரிய வீட்டு வழக்கென்றால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு ஒரே வக்கீலை வைத்துக்கொள்வது நம் வழக்கம். செலவு குறைகிறது, பங்காளிகளுக்குள் ஒற்றுமை இருப்பதாக வெளியே ஒரு தோற்றமும் கிடைக்கிறது. ஆனால் சென்னையில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு விற்றால் நல்லது. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் முன்னோர்களுக்கான படைப்புக்கும் வீடு வேண்டும் என்று நினைக்கிற ஆச்சிக்கு விற்காமல் இருப்பதே நல்லது. இருவருக்கும் ஒரே வாய் பேச முடியாது. முதல் நாளே ‘உங்களுக்குள் கருத்து வேறுபட்டால் நான் யாருக்கும் தொடர மாட்டேன்’ என்று எழுத்தில் கொடுக்கிற வழக்கறிஞரே நல்ல வழக்கறிஞர். ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கிற மரபு நமக்கு உண்டு. அது மதிப்புள்ள மரபு. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே ஆள் நடுவில் நின்று பேசுவதைப் போல அதுவும் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோர் சம்மதத்தோடும் நடப்பது. ஒரு தரப்பிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவருக்காகவே பேசுவதாகச் சொல்லும் வக்கீலின் இடம் அது அன்று. எங்கள் மூத்த வழக்கறிஞர் தம்மை அந்தப் பெரியவர்களில் ஒருவராக நினைத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி, பரிகாரம். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் போட்டால் நஷ்டஈடு கிடைக்கும் என்று எங்களுக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. வழக்கறிஞர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய ஆணையம் 2007-இல் சொல்லியிருந்ததை 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கறிஞர் தொழில் மற்ற சேவைகளைப் போன்றது அன்று, சேவைக் குறைபாடு என்று அவர்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது.

மீதி இருப்பவை இரண்டு. ஒன்று, வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது. நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம், அல்லது புகாரைத் தள்ளலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் 36பி பிரிவின்படி புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். ராஜஸ்தானில் ஒரு குற்ற வழக்கில் தரப்பு மாறி நின்ற வழக்கறிஞருக்கு விதித்த மூன்றாண்டுத் தடையை 1983-இல் உச்ச நீதிமன்றம் ஓராண்டாகக் குறைத்தது. ஆனால் செய்தது தொழில் ஒழுக்கக்கேடுதான் என்பதை உறுதி செய்தது. இந்தப் பாதையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வழக்கறிஞர் தண்டிக்கப்பட்டாலும் உங்களுக்கு இழப்பீடு என்று ஒரு ரூபாய்கூட வராது.

பணம் வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் அலட்சியத்துக்கான வழக்கிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை என்று 1926-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டம் 5-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. பொதுவாக மூன்றாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். ஆனால் இத்தகைய வழக்கில் வக்கீல் தவறு செய்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தவறினால்தான் இன்ன நஷ்டம் வந்தது, அவர் சரியாக நடந்திருந்தால் அது வந்திருக்காது என்று பழைய விவகாரத்தையே இன்னொரு முறை நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த நிறுவனம் பிறகு வழக்குப் போட்டபோது, தேவகோட்டையில் நாங்கள் புதிதாக அமர்த்திய வழக்கறிஞர் எதிருரையிலேயே 4-ஆம் பிரிவை எழுப்பிவிட்டார். எனவே உரிமை போகவில்லை. போனது முதல் அலுவலகத்துக்குக் கொடுத்த கட்டணமும், இரண்டாம் முறை கொடுத்த கட்டணமும், இடையில் வீணான காலமும். இதற்காக ஒரு தனி வழக்கு நடத்தி, அதற்கும் வாய்தா வாய்தாவாக அலைவது கட்டுப்படியாகாது என்று முடிவு செய்து, பார் கவுன்சில் புகாரோடு நிறுத்திக்கொண்டோம். வக்கீல் காலக்கெடுவைத் தவறவிட்டதால் நிலத்தையே இழந்தவர்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

கட்டைத் திரும்ப வாங்கியதிலும் சிரமம் இருந்தது. பதில் நோட்டீசுக்கான பாக்கியைக் கட்டினால்தான் மூலப்பத்திரம் வெளியே வரும் என்றார்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. பாக்கியை வேறு வழியில்தான் வசூலிக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு ஒரு பதிவுத் தபால் அனுப்பியதும் கட்டு வந்துவிட்டது. குமாஸ்தா வரைந்த வம்சக்கொடி அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதிய வழக்கறிஞர் அதையே பயன்படுத்துகிறார். வேலை நன்றாகத்தான் இருந்தது என்று முதலில் சொன்னேன் அல்லவா?

யார் இந்த அலுவலகத்துக்குப் போகலாம் என்று கேட்டால், வில்லங்கம் பார்க்க, பழைய பத்திரம் படிக்க, பட்டா மாற்ற, எதிர்த்தரப்பு என்று எவரும் இல்லாத உயில் எழுத, தாராளமாகப் போகலாம். பங்கு விற்பனை, பாகப்பிரிவினை, அடமானத் தகராறு என்று மறுபக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற விஷயமானால், மறுபக்கத்து ஆட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இவர்களில் எவருக்கும் இந்த அலுவலகத்தில் யாரும் பத்திரம் எழுதியதோ ஆலோசனை சொன்னதோ இல்லை என்று முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு உங்கள் குடும்பக் கணக்கைப் பேசுங்கள். அப்படி எழுதித் தருவதற்கு அவர்கள் தயங்கினால் வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் சிவகங்கையிலும் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சம் இல்லை.